காளை வரிசையில் கை வைத்தது யார்?

அத்தியாயம் 9

காலை ஐந்தே காலுக்குப் பஸ் கிளம்பும் என்று லவான் வாவ்ரா சொன்னால் ஐந்தே கால்தான். ஐந்து பதினாறுக்கு மூச்சிரைக்க ஓடி வருகிற பிள்ளை, பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போன ஜூலையில் தன் சொந்த மகள் டீனாவையே அப்படி நிற்க விட்டுவிட்டுப் போனவள் அவள்.

வருஷத்தில் ஒன்பது மாதம் லவான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜூலை வந்தால், நாற்பது பிள்ளைகளை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு விதைச் சோள வயல்களுக்குப் போய்ப் பூ இழுக்க வைக்கிற மேஸ்திரி. பூ என்றதும் யாரும் மனதில் மல்லிகைப் பந்தல் போட வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மக்காச்சோளத்தின் உச்சியில் துடைப்பம் மாதிரி ஒரு பூ இருக்கும். அதைப் பிடித்து இழுத்துக் கீழே போட வேண்டும். காலையில் பனியில் நனைந்து, மதியம் வெயிலில் வெந்து, இலை அறுத்த கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் நெப்ராஸ்காவில் இதைச் செய்யாமல் வளர்ந்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் டாக்டர் வீட்டுப் பிள்ளை, இல்லையென்றால் பொய் சொல்கிறவர்.

புதன்கிழமை நாலே முக்காலுக்கே ஓரின் டாக்கெட் பஸ் வாசலில் வந்து நின்றான். அவனுக்கு வேறு வழியில்லை. அர்கன்ஸாவிலிருந்து வந்து தாய்மாமன் வெண்டல் வீட்டில் தங்கியிருக்கும் பதினாறு வயதுப் பையன் அவன். இந்தக் கோடையில் இது அவனுக்கு மூன்றாவது வேலை. ஐஸ்கிரீம் கடையில் வாங்க வந்தவர்களைப் பேசியே ஓட்டிவிட்டான். தீவனக் கடையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டே பருந்துகளின் கண்பார்வையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினான். மூட்டை முதலாளியின் காலில் விழுந்தது.

"இதுவும் போச்சுன்னா, அன்னைக்கே உன்னை உங்கப்பன் ஊருக்கு பஸ் ஏத்திடுவேன்" என்று மாமா சொல்லியிருக்கிறார். வெண்டல் வாய்ச்சவடால் பேர்வழி இல்லை. சொன்னால் செய்கிற மனுஷன்.

அந்த அப்பா எப்படிப்பட்டவர் என்று முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஓரினின் இடது கையை இன்னும் முழுதாக நீட்ட முடியாது.

இனி ரெனே. லவானின் மூத்தவள். வயது பதினாறு, உயரம் ஆறடி ஒரு அங்குலம். ஊர்ப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வாட்டர் டேங்க். ஐந்தடி இரண்டு அங்குல ஓரினுக்கு ரேடியோ என்று பெயர். ஜோடி சேர்ந்து வரிசையில் நடக்கச் சொன்ன முதல் நாள், யாரும் சேர்த்துக்கொள்ளாமல் மிஞ்சிய இரண்டு பேர் இவர்கள்தான். ஒன்பது நாளாகச் சேர்ந்து நடக்கிறார்கள். நாம் போன வாரம் விட்ட இடத்தில், செவ்வாய்க்கிழமை மாலை, ஓரின் கையில் பூவை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

"ரெனே, எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு. பதில் சொல்லணும்னு அவசியம் இல்ல. சொன்னா நல்லா இருக்கும்."

அவள் பதில் சொல்லாமல் வரிசை முடியும் வரை இழுத்துக்கொண்டே போனாள். ராத்திரி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்த பிறகுதான் தூங்கினாள்.

பஸ் படியில் அவள் கால் வைத்ததும் லவான் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ரெனே, இன்னைக்கு நீ டீனாகூட நட."

"மாட்டேன்."

"ஐயோ, எனக்கும் வேணாம்மா!" என்று பின்னாலிருந்து டீனா அலறினாள். பதினாலு வயது, அழகி, ஊரில் எல்லோருக்கும் வேண்டியவள். பஸ்ஸில் ஏறியதும் தனக்கு அக்காவே கிடையாது என்பது போல நேரே பின்சீட்டுக்குப் போய், ப்ரெண்ட் என்கிற பையனின் கூட்டத்தோடு உட்கார்ந்துகொள்வாள்.

லவான் குரலைத் தாழ்த்தினாள். "சரி, அவன்கூடவே நட. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மேஸ்திரி பொண்ணுக்குச் சலுகைன்னு பேச இந்த ஊரே வாயத் தொறந்து வெச்சிட்டு காத்திருக்கு. ஒரு தப்பு நடந்தாலும், யாரா இருந்தாலும், அங்கேயே வெளிய அனுப்பிடுவேன்."

"சரி மிஸ்" என்றாள் ரெனே. பஸ்ஸிலும் வயலிலும் அம்மாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அதுவும் லவான் போட்ட சட்டம்தான்.

* * *

வயலில் இருக்கிற சட்டம் ஒன்றே ஒன்று. நான்கு பெண் வரிசை, ஐந்தாவது காளை வரிசை, அதாவது ஆண் செடிகள். பெண் வரிசைகளில் ஒரு பூ பாக்கியிருக்கக் கூடாது. காளை வரிசையில் ஒரு பூவைக்கூடத் தொடக் கூடாது. அதன் மகரந்தம் போய்ச் சேர்ந்தால்தான் விதை. காளையில் கை வைத்தவன் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் நாள் பஸ்ஸிலேயே பிள்ளைகளை மூன்று முறை சத்தமாகச் சொல்ல வைத்துவிடுவாள் லவான்.

அப்படியும் முதல் வருஷத்துப் பிள்ளை எவனாவது போய்க் கை வைப்பான். ரெனேவுக்கு இது மூன்றாவது வருஷம்.

குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, ஆறு மணிக்கு நாற்பது பேரும் ஈரச் சோளத்துக்குள் இறங்கினார்கள். ரெனேவுக்கு மூன்றாவது வரிசை, ஓரினுக்கு நான்காவது. அவள் கையை நீட்டி நேராக மேலே இழுத்தாள், பூ கீச்சென்று கழன்று வந்தது. அவன் தட்டையைத் தன் பக்கம் வளைத்துப் பிடித்து, ஒற்றைக் கையில் மல்லுக்கட்டி, இரண்டு இலையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தான்.

"சோளத்துக்கு வலிக்குமான்னு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, தெரியுமா?" என்றான் ஓரின்.

"நீ இழுக்குற இழுப்புக்கு அது போலீசுக்கே போகும்."

"போகாது. அதுக்குக் கால் இல்ல. ஆனா வேர் இருக்கே, வேர்ல வந்து..."

ரேடியோ பாடிக்கொண்டே வந்தது. பத்து மணி சுமாருக்கு, பாதி வயலில், நீர் பாய்ச்சும் எந்திரத்தின் சக்கரத் தடம் குறுக்கிட்டது. ஓரிடத்தில் தடம் சேற்றுக் குட்டையாகக் கிடந்தது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும். குள்ளமான ஓரினின் கண்ணுக்குச் சோளத்தைத் தவிர எதுவும் தெரியாது. இங்கே கண் எல்லாம் ரெனேதான்.

"இந்தப் பக்கம் வா" என்று அவள் அவனை இழுத்துக்கொண்டு குட்டையைச் சுற்றினாள். மறுபக்கம் வரிசைக்குள் நுழைந்ததும், அடுத்த பூவைப் பிடிப்பதற்குள், சொல்லிவிட்டாள்.

"நேத்து நீ சொன்னியே, அது."

"எது?"

"எனக்கும்."

"என்ன, எனக்கும்?"

"அவ்வளவுதான் ஓரின். எனக்கும்."

ரேடியோ நின்றுவிட்டது. ஒன்பது நாளில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. பூ இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரெனே பயந்துபோய் பக்கத்து வரிசையை எட்டிப் பார்த்தாள். அவன் காதுவரை சிவந்து, சிரிப்பை அடக்க முடியாமல், இலைகளைப் பிய்த்துக்கொண்டு வந்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. கை தன்பாட்டுக்கு இழுத்தது, கண் அவனை விட்டு நகரவில்லை.

வரிசை முடிய இருபது தப்படி இருக்கும்போது லவானின் விசில் கேட்டது. இரண்டு நீண்ட சத்தம் என்றால் ரெனேவைக் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். தண்ணீர் ஜாடியைத் தூக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. "நீ முடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவள் குறுக்கே புகுந்து ஓடினாள்.

ஓரின் தன் வரிசையை முடித்துக்கொண்டு வெளியே வந்தான். அங்கே, ரெனே இழுத்துக்கொண்டு வந்த வரிசைக்கு நேர் எதிரே, வெள்ளைப் பெயின்ட் அடித்த குச்சி நட்டிருந்தது. காளை வரிசையின் அடையாளக் குச்சி அது.

குட்டையைச் சுற்றி வந்தபோது ரெனே மூன்றாவதுக்குப் பதிலாக, ஓரினுக்கு அந்தப் பக்கம் ஐந்தாவது வரிசைக்குள் நுழைந்திருக்கிறாள்.

* * *

விதைக் கம்பெனியின் வயல் அதிகாரி வெர்ல், பிக்கப்பை வரப்போரம் நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"லவான், இங்க வா. வந்து பாரு உன் பிள்ளைங்க லட்சணத்த."

சக்கரத் தடத்திலிருந்து கிட்டத்தட்ட வயல் முனை வரை ஒரு காளை வரிசை மொட்டையாக நின்றது. பூவெல்லாம் கீழே கிடந்தது. இந்தப் பக்கம் மூன்றாவது பெண் வரிசை, தொடாமல் விட்ட பூக்களோடு ஜம்மென்று நின்றது.

லவான் வந்து பார்த்தாள். இருபது வருஷத்தில் அவள் குழு இவ்வளவு பெரிய தப்பைச் செய்ததில்லை.

"பேரு வேணும்" என்றார் வெர்ல். "சீட்டுல எழுதிக் கையெழுத்து போடு. அந்த ஆளு இன்னைக்கே வெளிய. பேரு இல்லன்னா நாளைலருந்து உன் பஸ் எந்த வயலுக்கும் வர வேணாம். நான் போட்ட சட்டம் இல்ல லவான், உனக்கே தெரியும்."

"தெரியும்."

"நான்தான் மிஸ்."

ஓரின் சோளத்துக்குள்ளிருந்து வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அஞ்சாவது வரிசையில வந்தது நான். குட்டையச் சுத்தினப்ப ரெனேவையும் நான்தான் நாலுல ஏத்திவிட்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது. அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் பேசிட்டே..."

"ரொம்பப் பேசாத. இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு லவான் வரிசைக்குள் போனாள்.

அவள் எதைப் பார்க்கப் போனாள் என்று வெர்லுக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் பிள்ளைகளின் பின்னால் நடந்தவளுக்கு, யார் எந்தச் செடியை இழுத்தது என்று கையெழுத்தைப் படிப்பது போலப் படிக்கத் தெரியும். நான்காவது வரிசையில் தட்டைகள் ஒரு பக்கமாக வளைந்து, உச்சி இலைகள் கிழிந்து தொங்கின. குள்ளமான ஆள், ஒற்றைக் கை வேலை. ஐந்தாவது வரிசையில் ஒரு இலைகூடக் கிழியவில்லை. பூ மட்டும் நேராக மேலே போயிருந்தது. இந்தக் குழுவில் அப்படி இழுக்கக்கூடிய ஆள் ஒருத்திதான்.

லவான் அங்கேயே நின்றாள்.

எட்டாம் வகுப்பில், ஊர் தண்ணீர்த் தொட்டியின் காலில் ரெனே என்று யாரோ ஆளுயர எழுத்தில் எழுதி வைத்தார்கள். லவான் டர்பன்டைனும் துணியும் எடுத்துக்கொண்டு போய் விடிவதற்குள் அதைத் தேய்த்து அழித்தாள். அப்படியும் ஊர் பார்த்துவிட்டது. ரெனே நான்கு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இன்று அவள் பெயர் சீட்டில் ஏறினால், இந்த நாற்பது வாயும் செப்டம்பரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும். மூன்று வருஷம் வேலை செய்தும் காளையில் கை வைத்தவள் என்று, அதுவும் அந்த ரேடியோவின் பின்னால் போய் வைத்தவள் என்று பேசும்.

ஓரின் கெட்ட பையன் என்று அவள் நினைக்கவில்லை. தன் பெண் அவனைப் பார்த்த பார்வைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவனே வந்து தலையைக் கொடுக்கிறான். அவன் ஊரை விட்டே போய்விடுவான். ஆறு மாதத்தில் ரெனே மறந்துவிடுவாள். எல்லாம் தானாகவே சரியாகிவிடும்.

லவான் வெளியே வந்தாள். சீட்டை வாங்கினாள். ஓரின் டாக்கெட் என்று எழுதினாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தப்பு என்று தெரிந்த விடையைச் சரி என்று போட்டாள் டீச்சர்.

வெர்ல் பிக்கப்பில் இருந்த வயர்லெஸ் ரேடியோவை எடுத்துக் கம்பெனிக் கொட்டகையோடு பேசினார். "ஒரு பையன அனுப்புறோம். டாக்கெட். ஆமா, நம்ம வெண்டலோட மருமகன்தான். வெண்டல் அங்கதான இருக்கான்? சொல்லிடுங்க."

ஓரின் பஸ்ஸை நோக்கி நடந்தான். வெளியே அனுப்பப்பட்டவர்கள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார வேண்டும்.

* * *

பதினொன்றரைக்குச் சாப்பாட்டு விசில். தண்ணீர் ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ரெனேவை, பஸ்ஸுக்குப் பின்னால் டீனா மடக்கினாள்.

"நீ தப்பிச்ச. வாய மூடிட்டு வந்து சாப்பிடு."

"எதுலருந்து தப்பிச்சேன்?"

"தெரியாதா? காளை வரிசைய மொட்டை அடிச்சிருக்கான் உன் ஆளு. அவனே ஒத்துக்கிட்டான். பேரு எழுதியாச்சு."

"எந்த வரிசை?"

"சக்கரத் தடத்துக்கு அந்தப் பக்கம். உங்க வரிசைதான்."

ரெனே ஜாடியை இறக்கி வைத்துவிட்டு வயல் முனைக்கு ஓடினாள். வெள்ளைக் குச்சியைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் நின்ற பூக்களைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டீனாவிடம் திரும்பி வந்தாள்.

"டீனா, அம்மா வரிசைக்குள்ள போய்ப் பாத்தாளா?"

"பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா." டீனா தங்கையாக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். "ரெனே, விட்டுடு. ப்ளீஸ். நீ வாயத் தொறந்தா நாளைக்கு எல்லாரும் உன்னத்தான்... எனக்கே கேக்க முடியாது."

"அவன் போயிடுவான் டீனா. அவங்கப்பாகிட்ட போயிடுவான்."

ரெனே பஸ் படியில் ஏறிவிட்டாள்.

நாற்பது பேரும் மடியில் சாப்பாட்டுப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் சீட்டில் ஓரின் தன் கொலாச்சி ரொட்டியைத் தொடாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான்.

"ரேடியோ பேட்டரி தீந்துபோச்சுடா!" என்று பின்னாலிருந்து ப்ரெண்ட் கத்தினான். சிரிப்பு.

ரெனே கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றாள். அந்த பஸ்ஸில் அவளால் நிமிர்ந்து நிற்க முடியாது.

"அம்மா" என்றாள்.

பஸ் சட்டென்று அடங்கியது. மிஸ் என்று சொல்லாமல் அம்மா என்று சொன்னதில்தான் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"காளை வரிசைய இழுத்தது நான்."

ஓரின் துள்ளி எழுந்தான். "பொய் சொல்றா மிஸ்! இவளுக்குப் பொய் சொல்லவே வராது, பாருங்க எப்படிச் சொல்றான்னு..."

"நீ உக்காரு" என்றாள் ரெனே.

அவன் உட்கார்ந்தான்.

லவான் கையில் இருந்த தெர்மாஸை மூடினாள். கடைசியாக ஒரு முறை மகளைக் காப்பாற்றப் பார்த்தாள். "மூணாவது வருஷம் ரெனே. உனக்கா காளைக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது?"

பின்சீட்டில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். லவான் தான் சொன்னதன் இரண்டாவது அர்த்தத்தை அப்போதுதான் கவனித்தாள்.

"தெரியும். அதான் பிரச்சனையே" என்றாள் ரெனே.

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அவள் முகம் பற்றி எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பக்கத்துல இவன் வந்தான். எனக்கு இவனப் பிடிச்சிருக்கு. அத இவன்கிட்ட சொல்லிட்டேதான் இழுத்தேன். சொன்னதும் ரெண்டு பேருக்கும் தலைகால் புரியல. குட்டையச் சுத்தி இவனக் கூட்டிட்டுப் போனது நான், தப்பான வரிசையில நுழைஞ்சது நான், இழுத்தது நான். இவன் இழுத்தது நாலாவது வரிசை. அது சரியான வரிசை."

"டேங்க் ஒடஞ்சு போச்சுடோய்!" என்றான் ப்ரெண்ட்.

பளீரென்று ஒரு ஆப்பிள் அவன் மார்பில் பட்டு விழுந்தது. படியில் நின்ற டீனாதான் எறிந்தாள்.

"வாய மூடு ப்ரெண்ட். அவ எங்கக்கா."

இந்த மூன்று வருஷத்தில் பஸ்ஸுக்குள் அவள் சொல்லாத வார்த்தை அது. சொல்லிவிட்டுத் தானே மிரண்டுபோய் நின்றாள்.

ரெனே அம்மாவை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "நீ உள்ள போய்ப் பாத்தியாம்மா. அஞ்சாவது வரிசையில ஒரு இலையாவது கிழிஞ்சிருந்துச்சா?"

நாற்பது பிள்ளைகளும் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல" என்றாள் லவான்.

"அப்புறம் ஏன் அவன் பேர எழுதின?"

"உனக்காக."

"எனக்காகன்னா இப்ப மாத்தி எழுது."

லவான் எழுந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பிக்கப்புக்குப் போனாள். ஜன்னல் வழியாக எல்லாத் தலையும் நீண்டன.

"வெர்ல், அந்தச் சீட்டக் குடு. தப்பா எழுதிட்டேன்."

வெர்ல் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உன் பொண்ணு பேரையா எழுதப் போற? பையன் ஒத்துக்கிட்டான்ல, விட்டுத் தொலையேன். ஊரு சிரிக்கும் லவான்."

"சிரிக்கட்டும். பேனாவக் குடு."

ஓரின் டாக்கெட் என்ற பெயரைக் குறுக்கே அடித்தாள். கீழே ரெனே வாவ்ரா என்று எழுதினாள். கரும்பலகையில் எழுதுவது போலத் தெளிவாகவே எழுதினாள். வெர்ல் ரேடியோவை எடுத்தார். கொட்டகையில் யாரும் பதில் சொல்லவில்லை. "சாப்பாட்டு நேரம். அப்புறம் சொல்லிடுறேன்" என்று மாட்டிவிட்டார்.

வெளியே அனுப்பப்பட்டவர்கள் வயலில் இருக்கக் கூடாது. ரெனே தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஊருக்கு ஒன்பது மைல்.

"நானும் வரேன்" என்று ஓரின் பின்னாலேயே குதித்தான்.

"வந்தா கொன்னுடுவேன்."

"ரெனே..."

"உன் பேரு இப்பதான் அதுலருந்து போச்சு. நீயா எறங்கிப் போனா உங்க மாமாவுக்கு எல்லாம் ஒண்ணுதான். மூணாவது வரிசை அப்படியே நிக்குது. போய் இழு. சாயங்காலம் வரைக்கும் இழு. ஒரு பூ பாக்கி இருக்கக் கூடாது."

"நீ எதுக்கு இப்படிப் பண்ண? நான் சமாளிச்சிருப்பேன்."

"நீ சமாளிக்க மாட்ட" என்றாள் ரெனே. "எனக்கு நீ இங்க வேணும்."

ஓரினுக்கு மறுபடியும் பேச்சு வரவில்லை. ஒரே நாளில் இரண்டாவது தடவை.

டீனா கையுறையை மாட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "நான் வரேன் இவன்கூட. ஆனா பேசாம வரணும்."

"பேசாம எப்படி வர்றது?" என்று ஓரின் நிஜமாகவே கேட்டான்.

"கடவுளே" என்று சொல்லிவிட்டு டீனா சோளத்துக்குள் புகுந்தாள்.

வரப்பு முனை வரை லவான் மகளோடு நடந்தாள். தன் தொப்பியைக் கழற்றி ரெனே தலையில் வைத்தாள். அதற்கு மகள் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

"கோவமா?" என்றாள் லவான்.

"ஆமா."

"எனக்கும்தான்."

"யார் மேல?"

"என் மேல." அவள் கண்களைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டாள். "வெயிலு. மெதுவாப் போ."

* * *

சரளை ரோட்டில் ரெனே மூன்று மைல் நடந்திருப்பாள். கால் பெருவிரலில் கொப்புளம் வந்துவிட்டது. நாளைக்கு ஊர் என்ன பேசும் என்று நினைத்துப் பார்த்தாள். பேசட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

எதிரே புழுதி கிளம்பியது. பச்சை பிக்கப். தூரத்திலேயே தெரிந்துவிட்டது, வெண்டலின் வண்டி.

சீட்டில் பெயர் மாறிவிட்டது. ஆனால் ரேடியோவில் முதலில் போன பெயர் போனதுதானே. அது கொட்டகைக்குப் போய், வெண்டலின் காதுக்கும் போயிருக்கிறது, அவர் வீட்டுக்கும் போய்விட்டு வருகிறார் என்பது வண்டி பக்கத்தில் வந்ததும் புரிந்தது. பின்பக்கத் தட்டில் ஓரினின் நீலப் பெட்டி கிடந்தது. பூட்டு உடைந்து, பெல்ட்டால் கட்டியிருந்தது.

ரெனே ரோட்டின் நடுவில் போய் நின்றாள்.

வெண்டல் பிரேக்கை அழுத்தினார். சரளைக் கற்கள் தெறித்தன. அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"பைத்தியமா உனக்கு? நகரு ரெனே. ரெண்டரை பஸ்ஸுக்கு அவன ஏத்தணும்."

"அவன வெளிய அனுப்பல சார். என்னத்தான் அனுப்பியிருக்காங்க."

"ரேடியோவுல என் காதால கேட்டேன்."

"அதுக்கப்புறம் மாத்தி எழுதியாச்சு. எங்கம்மாவே எழுதினாங்க. தப்பு பண்ணது நான். அவன் எனக்காக ஏத்துக்கிட்டான்."

வெண்டல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். "இந்தக் கதையெல்லாம் எனக்குப் பழக்கம்மா. ரெண்டு வேலையிலயும் கேட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் தப்பு இல்லன்னு சொல்ல யாராவது ஒருத்தர் வருவாங்க."

"வந்தாங்களா?" என்றாள் ரெனே. "ஐஸ்கிரீம் கடைக்கு யாரு வந்தா? தீவனக் கடைக்கு யாரு வந்தா? சொல்லுங்க சார்."

யாரும் வரவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"நான்தான் வந்திருக்கேன்" என்றாள் ரெனே.

வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். தட்டில் கை போட்டுப் பெட்டியைத் தூக்கினாள். பலம் கொடுத்துத் தூக்கியவள் தடுமாறிவிட்டாள், அவ்வளவு லேசாக இருந்தது. ஒரு பையனிடம் மொத்தமாக இருப்பது இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் இரக்கப்பட்டுப் பேசுவார். இரக்கம் அவளுக்குத் தேவையில்லை.

"இத உங்க வீட்ல கொண்டுபோய் வெச்சிடுறேன். நீங்க வயலுக்குப் போய் உங்க கண்ணால பாருங்க. மூணாவது வரிசையில இருப்பான்."

"பெட்டிய வை கீழ."

"வைக்க மாட்டேன் சார்."

"ரெனே, கடைசியாச் சொல்றேன். அவன் என் தங்கச்சி மகன். எங்க இருக்கணும்னு முடிவு பண்றது நான்."

"சரி. பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பாக்காம பண்ணாதீங்க."

பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவள் ஊர்ப் பக்கம் திரும்பினாள். இன்னும் ஆறு மைல் இருந்தது. கொப்புளம் உடைந்துவிட்டது போலிருந்தது. பத்துத் தப்படி போயிருப்பாள், பின்னால் எஞ்சின் அணைந்தது. வண்டிக் கதவு திறக்கும் சத்தமும், சரளையில் பூட்ஸ் இறங்கும் சத்தமும் கேட்டன.

ரெனே நடையை நிறுத்தவில்லை.